மெசின் அங்கிளும் றீட்டா அக்காவின் பஞ்சு மனசும்

மனிதர்களை இவ்வளவு சந்தேகப்பட்ட ஒருவரையும், மனிதர்களிடம் இவ்வளவு ஏமாந்த ஒருவரையும் நான் ரொறன்ரோவில் வேறு எங்கும் கண்டதில்லை. இரண்டும் ஒரே ஆள். ஸ்காபரோவில் அவரை மெசின் அங்கிள் என்பார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவர் எழுதும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே இருக்கும். வாங்குகிறவர்கள் முதல் பக்கத்தில் 'உண்மை' என்றோ 'பொய்' என்றோ பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்தப் பெயரை வாசித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

அவருடைய தொழில், ஆட்களைப் பொய் பிடிக்கும் மெசினில் இருத்தி எழுப்புவது. பொலிசுக்காக அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் லோயர்மாருக்காக, தனிப்பட்ட முறையில். இந்த நாட்டு நீதிமன்றத்தில் அந்த மெசின் சொல்வது சாட்சியாகச் செல்லாது. நீதிபதி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஆனால் வழக்கு நீதிபதியிடம் போகமுன்னர் நடுவில் அரச வழக்கறிஞர் என்று ஒருவர் இருக்கிறார். கழுத்தளவு கோப்புகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, எதைக் கைவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் களைத்த மனிதர். அவரிடம் 'எங்கள் ஆள் சோதனையில் தேறிவிட்டார்' என்று ஓர் அறிக்கையை நீட்டினால் சிலவேளை மனம் இளகுவார். தேறாவிட்டால்? அறிக்கை லோயரின் மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்துவிடும். அப்படி ஒரு சோதனை நடந்ததென்றே வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

நான் ஷாமினி என்ற லோயரிடம் சட்ட எழுத்தராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் பேனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னுடைய கல்லூரிச் சான்றிதழை அப்பா சட்டம் போட்டு, சாமிப் படங்களைவிட ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருக்கிறார். ஆகவே அலுவலகத்தில் யாராவது என்னை 'ஃபைல் தூக்கிற பிள்ளை' என்றால் எனக்குப் பொறுக்காது. மெசின் அங்கிள் என்னைச் சந்தித்த முதல் நாளே அப்படித்தான் சொன்னார். நான் என் படிப்பை ஒரு மூச்சில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓம், உண்மைதான்" என்றார்.

அவருடைய பார்வை எப்போதும் கழுத்தில்தான். நாடி அங்கேதான் துடிக்கும் என்பார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கதிரைக்காரரிடம், "உவர் இன்னும் முடிவெடுக்கேல்லை" என்பார். தாலி ஏறிக்கொண்டிருக்கும். அதனால் அவருக்குக் கலியாண அழைப்புகள் மெல்லக் குறைந்தன.

ஒருமுறை அவருடைய பழைய மாணவர் சங்கம் ஒன்றுகூடலில் மெசினைக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டது. சங்கத் தலைவர் தானாகவே சிரித்துக்கொண்டு கதிரையில் ஏறி அமர்ந்தார். மெசின் அங்கிள் பட்டிகளைக் கட்டி, சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி கேட்டார். "பள்ளிக்கூட கிரிக்கெட் மட்சிலை ஐம்பது ரன் அடிச்சனீங்களோ?" தலைவர் இருபது வருடமாகச் சொல்லிவரும் ஐம்பது அது. கணினித் திரையில் கோடு எழும்பி மேல் விளிம்பில் முட்டியது. மண்டபத்தில் கொத்துரொட்டி தட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது. பின்னர் விசாரித்ததில் தலைவர் அன்று பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் கொண்டு ஓடியவர் என்று தெரிந்தது. அடுத்த ஒன்றுகூடலுக்கு மெசின் அங்கிளுக்கு அறிவித்தல் வரவில்லை.

இப்படிப்பட்டவர் சொந்த வீட்டுக்குக் கூரை போட்ட கதையைக் கேளுங்கள். இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது என்று கூரைக்காரன் சொன்னான். அங்கிள் அவனுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு சம்மதித்தார். அடுத்த மழைக்குப் படுக்கையறையில் வாளி வைக்கவேண்டி வந்தது.

"ஒரு துடிப்புக்கூடக் கூடேல்லைப் பிள்ளை. ஆமை மாதிரி இருந்தவன்" என்றார் ஆற்றாமையோடு.

"அங்கிள், அவர் உதை நூறு பேருக்குச் சொல்லிப் பழகினவர். அவருக்கென்ன துடிப்பு?"

"அப்பிடியும் ஒரு சாதி இருக்கு" என்று ஒப்புக்கொண்டு, மறுபடி என் கழுத்தைப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததும் ஒரு கதை. ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் காவலாளியாக நின்றவர். வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் வேலை. "பன்னிரண்டு வருசம் திறந்து பாத்தன். சோத்துப் பெட்டியும் ஈரத் துவாயும்தான். கள்ளம் பையுக்குள்ளை இருக்கிறேல்லை எண்டு ஒருநாள் விளங்கிச்சுது" என்பார். விளங்கிய கையோடு அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து, சான்றிதழோடு திரும்பி வந்து, எங்கள் அலுவலகம் இருக்கும் பிளாசாவின் மாடியில் ஓர் அறை எடுத்தார். தமிழில் இந்தச் சோதனை செய்யக்கூடியவர் வேறு ஒருவரும் இல்லை. இதைவிடத் தோதான தொழில் கிடையாது என்று நினைத்துவிட்டார் பாவம்.

முதல் தொல்லை பக்கத்து அறை. அது ஒரு பல் டொக்டருடையது. கேள்வி கேட்கும் நேரத்தில் சுவருக்கு அப்பால் பல் குடையும் சத்தம் கிளம்பினால், கதிரையில் இருப்பவர் புத்தரே ஆனாலும் கோடு துள்ளும். ஆகவே சோதனைக்கு நாள் குறிக்கமுன் நான் பல் டொக்டரின் வரவேற்பாளரைக் கூப்பிட்டு, அன்று குடைதல் உண்டா, வெறும் துப்புரவுதானா என்று கேட்கவேண்டும். சட்டம் படித்த எனக்கு அது ஒரு வேலை.

இரண்டாவது தொல்லை எங்கள் சனம். மெசினுக்கு 'ஓம்' அல்லது 'இல்லை' மட்டும்தான் வேண்டும். மூச்சுக்கு நெஞ்சில் இரண்டு பட்டி, கையில் பிரஷர் பார்க்கும் பட்டி, விரல்களில் தகடுகள். இவ்வளவையும் கட்டிவிட்டு அங்கிள் கேட்பார்:

"கடைக் கண்ணாடியை உடைச்சனீங்களோ?"

"நான் ஏன் தம்பி உடைக்கப் போறன்?"

"ஓம் அல்லது இல்லை."

"என்னைப் பாத்தால் உடைக்கிற ஆள் மாதிரியோ இருக்கு?"

"அம்மா, ஓம் அல்லது இல்லை!"

"கோவிக்காதை தம்பி. அதுசரி, இந்த மெசினிலை எனக்கு பிரஷர் எவ்வளவு காட்டுது?"

அந்த அம்மாவுக்கு பிரஷர் உண்மையாகவே கூடத்தான் இருந்தது. அங்கிள் சோதனையை நிறுத்தி, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவைத்தார். நான் கோப்பில் 'முடிவு தெளிவில்லை' என்று எழுதினேன்.

இனி இந்த மெசினின் சூத்திரத்தைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் றீட்டா அக்காவின் கதை விளங்காது.

பெரிய கேள்வி ஒன்று இருக்கும். களவெடுத்தீர்களா, அடித்தீர்களா என்பது. அதைச் சுற்றிச் சில பக்கக் கேள்விகள் இருக்கும். வாழ்க்கையில் எப்போதாவது உங்களை நம்பிய ஒருவரை ஏமாற்றினீர்களா என்பதுபோல. எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். களவெடுத்தவனுக்குப் பெரிய கேள்வியில்தான் பயம். களவெடுக்காதவனுக்கோ பக்கக் கேள்வியில்தான் நெஞ்சு இடிக்கும். ஏனென்றால் அங்கேதான் அவன் சொல்லும் 'இல்லை' பொய். ஆகவே பக்கக் கேள்விக்குக் கோடு உயரக் குதித்தால் ஆள் சுத்தம். பெரிய கேள்விக்குக் குதித்தால் ஆள் மாட்டினார்.

அங்கிளிடம் எங்கள் சனத்துக்கென்று ஒரு தனிப் பக்கக் கேள்வி இருந்தது. "எப்பவாவது ஒரு அதிகாரிக்குப் பொய் சொன்னனீங்களோ?" வேறொருவருடைய பாஸ்போட்டில், வேறொருவருடைய பெயரில், மூன்று விமான நிலையங்களைத் தாண்டி வந்த சனம் நாங்கள். குடியுரிமை எடுத்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டால் வாய் 'இல்லை' என்னும், நெஞ்சு விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய்விடும்.

"அந்தக் கேள்வி எங்கடை சனத்துக்குக் கடவுள் தந்த வரம், பிள்ளை. ஆரைக் கேட்டாலும் கோடு கூரைக்குப் போகும்" என்பார் அங்கிள். நான் அவருடைய கூரையை நினைத்துக்கொள்வேன்.

றீட்டா அக்கா மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம் பராமரிப்பு வேலை. ஒரு நாள் காலையில் அவர் குளிப்பாட்டிய மூதாட்டியின் தங்கக் காப்பைக் காணவில்லை. கடைசியாகக் கையைத் தொட்டவர் என்று இவரைப் பொலிசில் கொடுத்துவிட்டார்கள். களவு என்று குற்றச்சாட்டு. வேலையில் இடைநிறுத்தம். குற்றம் உறுதியானால் இனி எந்த முதியோர் இல்லமும் அவருக்கு வாசற்கதவைத் திறக்காது. வேறு வேலை அவருக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது, கண்ணீரெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்ட முகம்.

"தங்கச்சி, நான் சனத்துக்கு மலசலம் எடுத்தவள். அதுக்கு வெக்கப்பட்டதில்லை. இப்ப பஸ்ஸிலை பக்கத்திலை ஆராவது இருந்தால் அவையின்ரை கையிலை காப்பு இருக்கோ எண்டு பாத்திட்டு எழும்பி நிக்கிறன்."

ஷாமினி மெசின் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். அது பெப்ரவரி. பல் டொக்டர் விடுமுறையில். எல்லாம் கூடிவந்த நாள். றீட்டா அக்கா கதிரையில் மாதா சொரூபம்போல அமர்ந்தார். ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் மென்மையாக 'இல்லை' என்றார். இப்படி ஒரு ஆளை என் வாழ்நாளில் காணவில்லை என்று அங்கிள் என்னிடம் கிசுகிசுத்தார்.

முடிவு வந்தது. தேறவில்லை.

காப்பை எடுத்தீர்களா என்ற கேள்விக்குக் கோடு ஒரு சிறிய மேடுதான் ஏறியிருந்தது. அது பெரிய விடயமில்லை. ஆனால் பக்கக் கேள்விகளுக்குக் கோடு ஏறவே இல்லை. கடவுள் தந்த வரமான அந்தக் கேள்விக்குக்கூடக் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது. சூத்திரத்தின்படி ஆள் பொய். அங்கிள் அறிக்கையை எழுதி என் கையில் தந்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தேங்கிக் கிடந்த சேற்றுப் பனியைப் பார்த்தார்.

ஷாமினி இங்கே பிறந்தவர். துக்கத்தையும் இரண்டு மொழியில்தான் சொல்வார். "ஓகே. சோ, இது லாச்சிக்குள்ளை போகுது. நோபடி நோஸ். நாங்கள் ட்ரையலுக்குப் போவம்."

விசாரணை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை றீட்டா அக்கா வீட்டில். நான் அறிக்கையை லாச்சியில் வைத்தேன். எனக்கு அன்று எவ்வளவு களைப்பாக இருந்ததென்றால், வீட்டுக்கு, மல்வேர்னுக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார மறந்து நின்றுகொண்டே போனேன்.

மூன்றாம் நாள் காலையில் அங்கிள் வந்தார். தொப்பி இல்லை. பனிக்குத் தெருவில் கொட்டும் உப்பு சப்பாத்தெல்லாம் பூத்திருந்தது. கோடுகளை அச்சடித்த தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். என் மேசைமேல் அதை விரித்தார். அது மேசையைத் தாண்டி நிலத்தில் விழுந்து வாசல்வரை போனது.

"மூண்டு நாளா உதைத்தான் பாக்கிறன். உயிருள்ள மனுசருக்கு இப்பிடிக் கோடு வராது, பிள்ளை. அந்த மனுசிக்குப் போன் எடும். சோதனைக்கு முதல் நாள் என்ன செய்தவ எண்டு கேளும். குளிசை ஏதும் போட்டவவோ?"

நான் தொலைபேசியைச் சத்தமாக வைத்தேன்.

"குளிசையோ? சீச்சீ. கோயிலுக்குப் போனனான் அங்கிள். நாளைக்கு உண்மை சொல்லுற மெசினிலை இருக்கப்போறன், மனசு சுத்தமா இருக்கவேணும் எண்டு சுவாமியாரிட்டைப் பாவமெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தனான்."

அங்கிள் இந்து. ஆனாலும் முகம் மாறியது. "எவ்வளவத்தைச் சொன்னனீங்கள்?"

"எல்லாத்தையும் அங்கிள். சின்ன வயசிலை மாங்காய் களவெடுத்ததிலையிருந்து, இந்த நாட்டிலை வந்து இறங்கேக்கை ஒஃபிசருக்குச் சொன்ன பொய் மட்டும். முக்கால் மணித்தியாலம். எனக்குப் பின்னாலை லைன் நிண்டுது. சுவாமி மன்னிப்புத் தந்தவர்."

"அப்ப மனசு எப்பிடி இருந்தது?"

"பஞ்சு மாதிரி அங்கிள்."

அங்கிள் கதிரையில் விழுந்தார். "பஞ்சு! பஞ்சாலைதான் நாசமாப் போனது! பயப்படுறதுக்கு ஒண்டையும் மிச்சம் விடாமல் வந்து குந்தியிருக்கிறா!"

தொலைபேசியில் றீட்டா அக்கா கேட்டார். "அப்ப அங்கிள், பாவத்தோடை வந்திருக்க வேணுமோ?"

"கொஞ்சமாவது கொண்டு வந்திருக்க வேணும், றீட்டா."

அன்றைக்குத்தான் அந்த மனிதர் மெசினைப் பற்றி ஓர் உண்மையை என்னிடம் சொன்னார். "உது பொய்யைப் பிடிக்கிறேல்லைப் பிள்ளை. பயத்தைத்தான் பிடிக்குது. நான்தான் அதுக்குப் பொய் எண்டு பேர் வைக்கிறன்." இருபது வருடம் செய்த தொழிலைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு, சுருளை மெல்ல மெல்லச் சுற்றினார்.

மறுபடி சோதிக்கலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஒரே ஆளை, ஒரே கேள்விக்கு இரண்டாம் தரம் இருத்துவதில்லை என்பது அவருடைய விரதம். தேறும்வரை சோதித்துக்கொண்டே இருந்தால் அந்த அறிக்கைக்கு என்ன மதிப்பு? பெரிய பெரிய லோயர்மார் கெஞ்சியும் மாட்டேன் என்றவர். அரச வழக்கறிஞர்கள் அவருடைய அறிக்கையைக் கொஞ்சமாவது மதித்தது அதனால்தான்.

"இருத்துறன்" என்றார் இப்போது. "ஆனால் முதல் சோதனையிலை தேறேல்லை எண்டதையும், ஏன் எண்டதையும் அறிக்கையிலை எழுதுவன். அப்பிடியே அரசாங்கத்து லோயருக்குக் குடுக்கவேணும்."

ஷாமினி தலையில் கைவைத்தார். "அங்கிள், ஐ லவ் யூ, பட் நோ. ஃபெயிலான டெஸ்டை நாங்களே கொண்டுபோய்க் குடுக்கிறதோ? ஹூ டஸ் தட்? றீட்டா அக்காவுக்கு அது டேஞ்சர். உங்களுக்கும் டேஞ்சர். லாச்சிக்குள்ளை கிடந்ததை வெளியிலை எடுத்தவர் எண்டு தெரிஞ்சால், இனி ஒரு லோயரும் உங்களைக் கூப்பிடமாட்டினம்."

"தெரியும்" என்றார் அங்கிள்.

முடிவு செய்யவேண்டியவர் றீட்டா அக்கா. சட்டப்படி இரகசியம் அவருடையது. நான் இரண்டு பக்கத்தையும் தமிழில் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். கொடுத்தால், தேறாத சோதனையைப் பார்த்து அரச வழக்கறிஞர் இன்னும் இறுக்கலாம். கொடுக்காவிட்டால், ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பு. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒளிச்சால் அதுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும் தங்கச்சி. குடுங்கோ."

அடுத்த சோதனைக்கு ஆறு கிழமை இடைவெளி விட்டார் அங்கிள். அந்த ஆறு கிழமைக்கும் றீட்டா அக்காவுக்கு அவர் போட்ட கட்டளைகள், உலகத்தில் எந்தக் கிறிஸ்தவருக்கும் போடப்படாதவை. "கோயிலுக்குப் போங்கோ. பூசை காணுங்கோ. பாவம் சொல்லுற அந்தக் கூண்டுக்குள்ளை மட்டும் போகாதேங்கோ."

"அங்கிள், இது தவக்காலம்!"

"அப்பிடியெண்டால்?"

"பாவத்துக்கு மனம் வருந்திற காலம்!"

"நல்லதாப் போச்சு. வருந்துங்கோ. சொல்லாதேங்கோ. ஏலுமெண்டால் நாளுக்கு ஒரு சின்னப் பொய்யும் சொல்லுங்கோ."

அதன்பிறகு எனக்குத் தொலைபேசிகள் வரத்தொடங்கின. நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, ஒரு நல்ல மனுசியின் பொய்களுக்கு நான் புள்ளி போட்டேன்.

"தங்கச்சி, இண்டைக்கு பஸ் ட்ரைவர் எப்பிடி இருக்கிறீர் எண்டு கேட்டவன். நல்லா இருக்கிறன் எண்டு சொன்னன். இது காணுமோ?"

"அது பொய்யில்லை அக்கா. அது இங்கத்தைய வணக்கம்."

"பக்கத்து வீட்டு அன்ரி தந்த கேக் நல்லா இருக்கெண்டு சொன்னன்."

"நல்லா இருந்ததோ?"

"செங்கல்லு."

"அப்ப காணும்."

பெரிய வெள்ளியன்று அவர் எடுத்த தொலைபேசியில் சிரிப்பு இல்லை. எல்லோரும் வரிசையில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய, தான் மட்டும் கோயில் மர வாங்கில் ஒட்டிக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். தெரிந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். காப்பை எடுத்தவள் சுவாமியிடம் போகப் பயப்படுகிறாள் என்று ஒருத்தி மற்றவளின் காதுக்குள் சொன்னது இவருக்குக் கேட்டதாம். நான் அங்கிளிடம் சொன்னேன். "நான் போய் அந்தச் சுவாமியோடை கதைக்கட்டோ?" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். அவர் போனால் சுவாமியின் கழுத்தைப் பார்ப்பார்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை இரண்டாம் சோதனை. இம்முறை றீட்டா அக்கா சொரூபம் இல்லை. வியர்த்தார். கைக்குட்டையைப் பிழிந்தார். கதிரையில் இருக்கமுன்னரே மெசினுக்குக் கும்பிடு போட்டார். அங்கிள் கேட்டார்:

"காப்பை எடுத்தனீங்களோ?"

"இல்லை." கோடு மெல்ல ஏறி இறங்கியது.

"உங்களை நம்பின ஒருவருக்கு எப்பவாவது பொய் சொன்னனீங்களோ?"

செங்கல் கேக் அன்ரி, ஆறு கிழமை சேர்த்துவைத்த பாவம், வாங்கில் ஒட்டியிருந்த பெரிய வெள்ளி எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. "இல்லை" என்று றீட்டா அக்கா முனகமுன்னரே கோடு திரையின் உச்சிக்குப் போய்விட்டது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இருக்கவில்லை.

அறிக்கைக்கு முன்னால் வைக்கவேண்டிய கடிதத்தை எழுதும் வேலை என்னுடையது. ஒரு பெண் பாவமன்னிப்புப் பெற்றதால் மெசினில் தோற்றார் என்பதை, ஒரு களைத்த அரச வழக்கறிஞர் சிரித்து எறிந்துவிடாத ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், தெரியும். பதினொரு தரம் எழுதினேன். ஷாமினி கடைசியில் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினார். அந்தக் காற்புள்ளியும் முதலில் இருந்த இடம்தான் சரி.

இரண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு அரச வழக்கறிஞர் ஷாமினிக்குத் தொலைபேசி எடுத்தார். மெசினை நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஒளித்திருக்கக்கூடியதை நீங்களே கொண்டுவந்து தந்தால், மிச்சக் கோப்பை நான் இன்னொருமுறை ஒழுங்காக வாசிக்கத்தானே வேண்டும் என்றாராம். வாசித்ததில், அன்று காலை அந்த அறைக்குள் வேறு நான்கு பேர் போய்வந்ததும், அவர்களை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது. நீதிமன்றத்தில் அதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. காப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

றீட்டா அக்கா அந்தச் சனிக்கிழமை நேரே கூண்டுக்குள் போனார். ஆறு கிழமைப் பொய்களையும், அவற்றை யார் சொல்லச் சொன்னார் என்பதையும் சொன்னபோது சுவாமி உள்ளே இருந்து சிரித்த சத்தம் வெளியே வாங்குவரை கேட்டதாம். ஒரு மாதத்தில் பழைய வேலைக்குத் திரும்பினார். இப்போது யாரையாவது குளிப்பாட்டமுன், நகைகளைக் கழற்றி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கிறார்.

ஷாமினி சொன்னதும் நடந்தது. தேறாத சோதனையை வெளியே கொடுத்த மெசின்காரர் என்ற கதை, எங்கள் வாயிலிருந்து போகாமலே லோயர்மார் நடுவில் பரவிவிட்டது. றீட்டா அக்கா சம்மதித்துத்தான் கொடுத்தார் என்பதை யாரும் காதில் போடவில்லை. லாச்சிக்குள் போனது லாச்சிக்குள்ளேயே கிடக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் அலுவலகத்திலும் அதற்குப் பிறகு மெசின் தேவைப்பட்ட வழக்கு வரவில்லை. அங்கிள் வருட முடிவில் அறையை விட்டுவிட்டார். அதைப் பல் டொக்டர் எடுத்துக்கொண்டார். மெசின் இப்போது அங்கிளின் வீட்டு நிலவறையில், பெட்டிக்குள்.

வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் எனக்குத் தொலைபேசி எடுப்பார். முதலில் அம்மாவைச் சுகம் விசாரிப்பார். பிறகு குளிரைப் பற்றிக் கொஞ்சம். கடைசியாக, தற்செயலாக நினைவு வந்ததுபோலக் கேட்பார்:

"லோயர்மார் ஆரும் என்னைப் பற்றி விசாரிச்சவையோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். இந்தக் கிழமை ரெண்டு பேர் கேட்டவை."

"நல்லது பிள்ளை, நல்லது" என்பார்.

வாழ்க்கை முழுவதும் கேள்வி கேட்டுச் சீவித்த மனிதர். எந்த லோயர் கேட்டார் என்று மட்டும் அவர் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை.